எந்த மாரீஸ்வரி?

கீழப்பொட்டல் நடுத்தெருவில் நின்று "மாரீஸ்வரி" என்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எட்டாவது ஆள் வீட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "யாரு, என்னையா?" என்று கேட்பார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கெல்லாம் அதே பேரை வைத்தால் வேறென்ன நடக்கும், சொல்லுங்கள்.

அதனால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருப்பவர் டேங்க் மாரீஸ்வரி. துணி தைப்பவர் டெய்லர் மாரீஸ்வரி. ராஜபாளையத்து நூல் மில்லுக்கு வேன் ஏறிப் போகிறவர் மில் மாரீஸ்வரி. காய்வெட்டு மாரீஸ்வரி என்றும் ஒருவர் இருந்தார். அவர் ஒரு நாளும் தேங்காய் வெட்டியதில்லை. அவருடைய கணவர் தங்கப்பாண்டியன்தான் தோப்பு தோப்பாகப் போய்த் தேங்காய் வெட்டுகிறவர். புருஷன் வேலை பெண்டாட்டி பேரில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மில் மாரீஸ்வரியும் காய்வெட்டு மாரீஸ்வரியும் ஒரே தெரு. ஆறு வீடு தள்ளி இருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் "ஏ, பேருக்காரி" என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

போன ஐப்பசி மழையில் காய்வெட்டு மாரீஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்துபோனார். வயது முப்பத்தாறு.

அவருடைய ஒரே மகள்தான் சிவரஞ்சனி. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா போன பிறகு, தினமும் காலையில் மில் வேன் வருவதற்குள் ஓடிவந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டவர் மில் மாரீஸ்வரி. அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர் வேலுசாமியும் இறந்து நாலு வருஷமாகிறது. சிவரஞ்சனி அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

அந்தப் பெரியம்மாவைத்தான் சிவரஞ்சனி ஒரு நாள் ஒரே ஒரு எழுத்தால் சாகடித்தாள்.

பயப்படாதீர்கள், சொல்கிறேன்.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் அது நடந்தது. சமூக அறிவியல் எடுக்கும் தேவஇரக்கம் சாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேர்தல் வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். அதனால் ஊரில் அவருக்கு "ஓட்டு சார்" என்று பேர். அன்றைக்கு அந்தப் பட்டியலையே வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"ஓட்டுப் போடுறது எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"மெஷின்ல, சார்," என்றான் கிளாட்வின்.

"இல்ல. இந்தக் காகிதத்துல ஆரம்பிக்குது. இதுல பேர் இருந்தா ஓட்டு உண்டு. இல்லைன்னா, காலையில ஆறு மணிக்கே முதல் ஆளா வரிசையில நின்னாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆளு நேர்ல நிக்கிறது கணக்கே கிடையாது."

பிறகு ஆளுக்கொரு பக்கமாக ஜெராக்ஸ் கொடுத்தார். அவரவர் தெருவைப் பார்த்து, இறந்தவர் பேருக்கு நேரே "இ" என்றும், வெளியூர் போனவர் பேருக்கு நேரே "வெ" என்றும் பென்சிலால் போட வேண்டும். தப்பு இருந்தால் கையைத் தூக்க வேண்டும்.

கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. பட்டியல் அந்த லட்சணத்தில் இருந்தது.

"சார், எங்க எதுத்த வீட்டுப் பெத்தம்மாளை ஆண்னு போட்டிருக்கு."

"சார், ஐயாதுரை மாமாவுக்கு வயசு நூத்தி இருபத்தொண்ணாம். நேத்துதான் வத்திராயிருப்புக்குப் பைக்ல போனாரு."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். சிவரஞ்சனி மட்டும் சிரிக்கவில்லை. அவளிடம் வந்த பக்கத்தில் அம்மா இருந்தார்.

வரிசை எண் 211. மாரீஸ்வரி. கணவர் பெயர் தங்கப்பாண்டியன். வயது 36. பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு போட்டோ. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் போட்டோவை ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கி, முகத்தை வெள்ளையாக்கி, யாரோ மாதிரி ஆக்கிவைத்திருந்தார். இந்தக் குட்டிப் போட்டோவில்தான் அம்மா அம்மாவாக இருந்தார்.

அந்தப் பேருக்கு நேரே "இ" போட வேண்டும்.

சிவரஞ்சனி பென்சிலைக் கொண்டுபோனாள். எடுத்துவிட்டாள். மறுபடியும் கொண்டுபோனாள். முடியவில்லை. போட்டால்தான் அம்மா நிஜமாகவே இறந்துபோவார் என்று தோன்றியது.

"ரஞ்சனி, உங்க தெருவுல மாரீஸ்வரின்னு ஒரு பேரு இருக்கும் பாரு," என்றார் சார், மெதுவாக. "அம்மா" என்று சொல்லாமல் பேரைச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு மனசு கஷ்டப்படக் கூடாதே என்ற இங்கிதம்.

சிவரஞ்சனி பக்கத்தைப் பார்த்தாள். கீழே வரிசை எண் 218. அங்கேயும் மாரீஸ்வரி என்றுதான் இருந்தது. கணவர் பெயர் வேலுசாமி. வயது 47.

கை அங்கே போனது. "இ" போட்டுவிட்டாள்.

தெரியாமல் போட்டாள் என்று நான் சொன்னால் அது பொய். தெரிந்துதான் போட்டாள். ஆனால் பாடத்துக்குப் போடுகிற பென்சில் எழுத்துதானே, ரப்பர் வைத்து அழித்தால் போச்சு என்று நினைத்தாள். சார் வந்து தாளை வாங்கினார். மாரீஸ்வரி என்ற பேரும் அதற்கு நேரே "இ"யும் அவர் கண்ணில் பட்டன. கணவர் பேரை அவர் பார்க்கவில்லை. அவள் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். ஆயிரத்து நூறு பேர் கொண்ட பட்டியல் அது. தாலுகா ஆபீஸிலிருந்து "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று தினமும் போன். பிள்ளைகள் குறித்ததைப் பார்த்துத்தான் அவர் தன் பட்டியலிலும் குறித்தார். செத்த நேரம் குனிந்து படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வராண்டாச் சுவரில் புதுப் பட்டியலை ஒட்டினார்கள். பக்கத்திலேயே இன்னொரு தாள். மேலே "நீக்கப்பட்டவர்கள்" என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஆட்சேபம் இருந்தால் சனிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தை யார் படித்தார்கள்?

சாயங்காலம் மில் வேன் வந்து நின்றது. மில் மாரீஸ்வரி இறங்கிவந்து கூட்டத்தோடு நின்றார். தலையில் பஞ்சுத் தூசி. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்க வராது.

"ஏலே கிளாட்வின், எம்பேரு இருக்கான்னு பாருலே. வீட்டு நம்பரு மூணுல நாப்பத்தேழு."

கிளாட்வின் விரலை வைத்துத் தேடினான். முதல் தாளில் இல்லை. இரண்டாவது தாளுக்குப் போனான். படித்தான். படித்ததை அப்படியே சொன்னான். அவனுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

"பெரியம்மா, நீங்க செத்துட்டியளாம்."

கூட்டம் சிரித்தது. "இனிமே மில்லுல லீவு கேக்க வேண்டாம், போ," என்றது ஒரு குரல். மில் மாரீஸ்வரியும் சிரிக்கத்தான் பார்த்தார்.

அப்போது பெத்தம்மாள் வாயைத் திறந்தார். சில பேருக்கு வாய் சும்மா இருக்காது.

"சிரிக்காதிய. எமன் ஒரு பேருக்கு வந்தா, அதே பேருல இன்னொண்ணையும் பாத்துவச்சுட்டுத்தான் போவான்னு சொல்லுவாக. போன ஐப்பசியில ஒரு மாரீஸ்வரி போனா. இப்ப பேப்பர்லயே அச்சடிச்சு வந்துருச்சு. ஏட்டி, ஒடம்பப் பாத்துக்க."

சிரிப்பு நின்றுபோனது. மில் மாரீஸ்வரி வீட்டுக்கு நடந்தார். கூட்டத்துக்குப் பின்னால் புத்தகப் பையோடு நின்ற சிவரஞ்சனியும் அதைக் கேட்டாள்.

புதன்கிழமை காலையில் தலை பின்னிவிட யாரும் வரவில்லை. தெருமுனையில் மில் வேன் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. பகலெல்லாம் மில் மாரீஸ்வரி வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது.

வியாழக்கிழமையும் வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சாயங்காலம் அப்பா ஒரு தூக்குச்சட்டியில் கஞ்சியை ஊற்றி, "மில்லுக்காரி ரெண்டு நாளா அடுப்புப் பத்த வைக்கலையாம். குடுத்துட்டு வா," என்றார். சிவரஞ்சனி போனபோது பெத்தம்மாள் அங்கே உட்கார்ந்திருந்தார். பெரியம்மா பாயில் படுத்திருந்தார். உடம்பு கொதித்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"நெஞ்சு படபடன்னு வருது," என்று அவர் பெத்தம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கண்ண மூடுனா பேருக்காரி வந்து நிக்கா. அவ கூப்பிடுதா. இல்லைன்னா இம்புட்டு மாரீஸ்வரி இருக்க ஊர்ல எம்பேரு மட்டும் எப்பிடி வரும்?"

சிவரஞ்சனி கஞ்சியை வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

அம்மா கூப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும். பெரியம்மா இப்படியே சாப்பிடாமல் படுத்துக்கிடந்து, நிஜமாகவே... அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எல்லாரும் போயிருந்தார்கள். வராண்டாவில் ஏறி, பையிலிருந்து ரப்பரை எடுத்து, சுவரில் இருந்த தாளில் பெரியம்மா பேருக்கு நேரே "இறப்பு" என்று இருந்ததை அழித்தாள். அச்சு மை நகரவில்லை. ரப்பரில் எச்சில் தொட்டு அழித்தாள். தாள் கருத்தது. இன்னும் அழுத்தினாள். தாள் கிழிந்து, உள்ளே சுவர்ச் சுண்ணாம்பு தெரிந்தது. "இறப்பு" கொஞ்சம் போனது. கூடவே "மாரீஸ்வரி"யும் போய்விட்டது.

"என்னட்டி பண்ணுத?"

கிளாட்வின், பந்தோடு நின்றான்.

"பெரியம்மாவைப் பொழைக்க வைக்கேன்," என்றாள் சிவரஞ்சனி. அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டாள்.

கிளாட்வின் பந்தைத் தட்டுவதை நிறுத்தினான். கிழிந்த தாளைப் பார்த்தான். "இது வெறும் காப்பி. சார்கிட்ட ஒண்ணு, தாலுகா ஆபீஸுல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கும். எம்புட்டு ரப்பர் வச்சிருக்க?"

அவன் கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அதனால்தான் சிவரஞ்சனிக்கு உறைத்தது. அழித்தால் தீராது. சொன்னால்தான் தீரும். முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்தது. சாரிடம் இல்லை.

மறுபடியும் பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நல்லவேளை, பெத்தம்மாள் கிளம்பிப் போயிருந்தார். தூக்குச்சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

"பெரியம்மா, அம்மா உங்களக் கூப்பிடல."

"உனக்கு என்னட்டி தெரியும்? நீ சின்னப்பிள்ள. போ."

"எனக்குத்தான் தெரியும். அது நான் போட்டது."

பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல பட்டியல் குடுத்தாக. அம்மா பேருக்கு நேர 'இ' போடணும். எனக்குக் கை வரல. கீழ உங்க பேரு இருந்துச்சு. அதுல போட்டுட்டேன். எமனும் இல்ல, அம்மாவும் இல்ல. நாந்தேன்."

பெரியம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். சிவரஞ்சனி நின்ற இடத்திலேயே நின்றாள். திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும், போகக் கூடாது என்று நின்றாள்.

"உங்கம்மா சாகக் கூடாதுன்னு என்னக் கொன்னுட்ட," என்றார் பெரியம்மா, சுவரைப் பார்த்தபடியே. "எனக்குன்னு அழ ஒரு பிள்ள இல்லைன்னுதான எம்பேருல போட்ட?"

"அப்படி இல்ல பெரியம்மா."

"வேற எப்பிடி?"

ஒருவேளை அப்படித்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

அந்த அழுகை கொஞ்சம் ஓய்ந்தபோது பெரியம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தார்.

"நெசமாவே நீதான் போட்டியா? பேருக்காரி வரலையே?"

"வரல, பெரியம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப அந்தக் கஞ்சிய எடு," என்றார் பெரியம்மா.

ஒரு சட்டிக் கஞ்சியையும் குடித்தார். முடித்த பிறகு, "உங்கப்பன்கிட்டச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் அவள் சாரிடம் சொன்னாள். தேவஇரக்கம் சார் பீரோவைத் திறந்து அந்த ஜெராக்ஸ் தாளை எடுத்தார். 218-க்கு நேரே "இ". 211-க்கு நேரே ஒன்றும் இல்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தப்பு உன்னோடது மட்டும் இல்லம்மா. நான் அன்னைக்கு உன் முகத்தப் பார்த்தேன். பேப்பரப் பார்க்கல."

"இப்ப மாத்திரலாமா, சார்?"

"நாளைக்குத்தான் கடைசி நாள். தாலுகா ஆபீஸுக்குப் போகணும். பெரியம்மா நேர்ல வரணும். அது போதாது. இந்தத் தெருவுல ஒரு மாரீஸ்வரி இறந்திருக்காங்கன்னு அங்க பதிவாகிருக்கு. 'அப்ப இறந்தது எந்த மாரீஸ்வரி?'ன்னு கேப்பாங்க. அதுக்கு உங்க வீட்டுலயிருந்து, அம்மா பேரை நீக்கச் சொல்லிப் படிவம் ஏழு எழுதி, அப்பா கையெழுத்துப் போடணும். நான் முன்னாடியே உங்க வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்பா, 'இன்னொரு நாள் பாப்போம்'னு சொல்லிட்டாரு."

அது சிவரஞ்சனிக்குப் புதுச் செய்தி.

சாயங்காலம் அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். படிவத்தையும் நீட்டினாள். அப்பா கையை நீட்டவில்லை.

"ரேஷன் கார்டுல எடுத்தாச்சு," என்றார். "கேஸ் புக்குல எடுத்தாச்சு. மகளிர் குழுவுல எடுத்தாச்சு. ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு ஜெராக்ஸக் கொண்டுபோயி, 'இவ இல்ல, இவ இல்ல'ன்னு என் வாயாலயே சொல்லிட்டு வந்தேன். இது ஒண்ணுதான் மிச்சம். இங்க மட்டுமாவது அவ பேரு இருக்கட்டும்னு விட்டேன். இதையும் நானே அடிக்கணுமா?"

"நானும் அதுக்குத்தாம்பா போடல," என்றாள் சிவரஞ்சனி.

அப்பா அரிவாளைக் கீழே வைத்தார். அம்மா இறந்த அன்றைக்குக்கூட அப்பா மகள் முன்னால் அழவில்லை. இப்போது அழுதார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அழுதார்கள். அதில் என்ன வெட்கம்?

பிறகு சிவரஞ்சனி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அம்மாவால வந்து ஓட்டுப் போட முடியாதுப்பா. பெரியம்மாவால முடியும்."

அப்பா எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்த இறப்புச் சான்றிதழை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில எட்டேகால் பஸ்ஸு," என்றார்.

சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் நல்ல கூட்டம். சிவரஞ்சனி, அப்பா, பெரியம்மா, தேவஇரக்கம் சார் நாலு பேரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா இன்னும் சிவரஞ்சனியிடம் சரியாகப் பேசவில்லை. பஸ்ஸில் சன்னலோரம் இடம் விட்டுக்கொடுத்ததோடு சரி.

அவர்கள் முறை வந்தபோது பதினொன்றரை ஆகிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஞானரத்தினம் மேடம். சார் எல்லாவற்றையும் விளக்கினார். தன் தப்பையும் மறைக்காமல் சொன்னார்.

"இறந்தது எந்த மாரீஸ்வரி?" என்று கேட்டார் மேடம்.

சார் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"எங்க அம்மா," என்றாள் சிவரஞ்சனி. "வரிசை எண் இருநூத்திப் பதினொண்ணு."

அதுவரைக்கும் அவள் யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டாள். ஏழாம் படிவத்தை அவளே நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் "இறப்பு" என்று எழுதினாள். அப்பா கையெழுத்துப் போட்டார்.

மேடம் அதை வாங்கி வைத்துவிட்டுப் பெரியம்மாவிடம் திரும்பினார். "நீங்க ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வைங்க. பொறவு நீங்க உயிரோட இருக்கிறதா ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

"ஒங்க எதுக்கதான நிக்கேன்?" என்றார் பெரியம்மா.

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியாதும்மா."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. நாலு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெரியம்மா அவர் கையைத் தடுத்தார்.

"நீங்க வேண்டாம் சார். கொன்னது அவ. உசுரையும் அவளே குடுக்கட்டும்."

சிவரஞ்சனி பேனாவை வாங்கினாள். மேசை ஓரத்தில் தாளை வைத்து, சார் சொல்லச் சொல்ல, அனுப்புநர், பெறுநர், ஐயா என்று எழுதினாள். அடுத்த வரியைச் சார் சொன்னார். அவள் பேனா நின்றுவிட்டது.

"எழுதும்மா," என்றார் சார்.

எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அம்மாவின் பேர் அது. அம்மாவுக்காக எழுத ஆசைப்பட்ட வரி அது. எழுதி முடித்துப் பார்த்தபோது அது பெரியம்மாவின் வரியாக இருந்தது. அதில் அவளுக்கு வருத்தமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

"என்னட்டி எழுதியிருக்க? எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு வேற யாரையும் சாகடிச்சுராத. வாசி பாப்போம்," என்றார் பெரியம்மா.

சிவரஞ்சனி வாசித்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பெரியம்மா அவள் பக்கத்தில் வந்து, தோளில் கையைப் போட்டார்.

"சரியாக் கேக்கல. இன்னொருக்க வாசி."

சிவரஞ்சனி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்:

"மாரீஸ்வரி ஆகிய நான் உயிரோடு இருக்கிறேன்."